இரசம்

நகுலேஸ்வரனுக்கு ஊரில் இருந்த காலத்தில் மீன் வெட்டத் தெரியாது. வெள்ளிக்கிழமையும் விரதமுமாக ஓடுகிற வீடு அது. மச்சம் காய்ச்சுகிற நாளில்கூடச் சட்டி வீட்டுக்குள் வராது, பின்கொட்டிலோடு நின்றுவிடும். அப்படிப்பட்டவனைப் பிடித்துக்கொண்டு வந்து, இத்தாலியின் பலேர்மோ நகரத்து ஓரத்தில், ஸ்ஃபெர்ராகவால்லோவில் மீன் சாப்பிடவென்றே சனம் தேடி வருகிற ஓர் உணவகத்தின் பின்குசினியில் நிறுத்திக் கையில் கத்தியைக் கொடுத்தது விதி. முதல் கிழமை முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினான். பதினான்கு வருடம் போன பிறகு கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவான். குடியிருக்கிற பிரான்காச்சோவில் இருந்து இரண்டு பஸ் மாறி, நகரத்தின் ஒரு தொங்கலில் இருந்து மறுதொங்கலுக்குப் போய், ஒன்பது மணிக்கு ஐஸ் பெட்டிகள் வந்து இறங்கும்போது நம்முடைய ஆள் ஏப்ரன் கட்டி ஆயத்தமாய் நிற்பான். எல்லோரும் அவனை நகுலன் என்றார்கள். முழுப்பெயரைச் சொல்ல வெளிக்கிட்ட இத்தாலியர் ஒருவரும் மூன்றாம் எழுத்தைத் தாண்டவில்லை.

ஆள் கெட்டிக்காரன், அதில் குறை சொல்ல முடியாது. மற்றவர்கள் மீனின் சதையைப் பார்ப்பார்கள், இவன் வயிற்றைப் பார்ப்பான். நெத்தலியைக் கீறினால் சிவப்புக் கஞ்சி மாதிரி ஏதோ வழியும், வேறொன்றும் இராது. கும்பிளாவைக் கீறினால் உள்ளே அரைகுறையாய்ச் செமித்த நெத்தலி. கணவாயின் வயிற்றில் கும்பிளாக் குஞ்சு. வாள்மீனின் வயிற்றில் கணவாயின் சொண்டுகள், ஒன்றிரண்டல்ல, ஒரு கை நிறைய. யார் யாரைத் தின்று சீவிக்கிறார்கள் என்பது வருடக்கணக்காய்ப் பார்த்ததில் அவனுக்குப் பாடமாகிவிட்டது. குடலும் செவுளும் வாளியில் சேரும். பின்னேரம் ஒரு வள்ளக்காரர் வந்து அதை வாங்கிப்போய் மீன்பிடிக் கூட்டுக்குள் இரையாய்ப் போடுவார். தவறிச் சிந்தியதைக் கடற்காகம் கொத்தும். காகம் எச்சம் போட்ட பாறையில் பாசி தடித்து வளரும். அந்தப் பாசியை மேயக் குஞ்சுமீன் வரும். "கடலிலை ஒரு துளியும் வீணாப் போகாது, தெரியுமோ" என்று வீட்டுக்கு வந்து மனைவிக்குச் சொல்லுவான், கடலைத் தானே கட்டி நடத்துகிற மாதிரி.

மனைவி சிவானுஜா. ஒரு சிஞ்ஞோராவின் வீட்டில் தரை துடைக்கவும் உடுப்பு மினுக்கவும் போய்வந்தாள். சண்டைக் காலத்தில் எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள். கூச்சம் பிடித்தவள், நாலு பேர் நிற்கிற இடத்தில் தமிழே அவளுக்கு வராது, இத்தாலியன் எங்கே வரப்போகிறது? சீ சிஞ்ஞோரா, ஃபினித்தோ, தொமானி; ஓம் அம்மா, முடிஞ்சுது, நாளைக்கு. இந்தச் சொற்களோடு பத்து வருடத்தை ஓட்டிவிட்டாள். குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் வதிவிடப் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கப் போனாலும், பல்வலிக்கு டாக்டரிடம் போனாலும், நகுலன்தான் அவளுக்கு வாயும் காதும். அவன் சொன்னதை அவள் ஒருநாளும் இன்னொருவரிடம் விசாரித்ததில்லை. அப்படி விசாரிக்க வேண்டுமென்று அவளுக்குத் தோன்றியதும் இல்லை.

கலியாணமாகி ஏழாம் வருடம்தான் வயிற்றில் ஒன்று தரித்தது. தரித்ததும் சத்தியும் தொடங்கிவிட்டது. சோறு தங்கவில்லை, பாண் தங்கவில்லை, தேத்தண்ணி தங்கவில்லை. மூன்றாம் மாதம் அவள் எலும்பும் தோலுமாய்க் கட்டிலில் கிடந்தாள், அவன் என்ன செய்வதென்று தெரியாமல் தலைமாட்டில் வாளியோடு குந்தியிருந்தான். அந்த நாட்களில் ஒருநாள்தான் முதலாளி, மேசைக்குப் போகாத ஒரு வால்துண்டை அவனிடம் கொடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார். பலொம்போ என்றார். அதாவது சுறா.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறா வறை கொடுப்பது யாழ்ப்பாணத்தில் ஒருவருக்கு ஒருவர் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாத விசயம். அதற்கென்றே பால்சுறா என்று ஒன்று இருக்கிறது. அவித்து, தோலுரித்து, முள் எடுத்து, பஞ்சாய் உதிர்த்து, தேங்காய்ப்பூவும் மஞ்சளும் உள்ளியும் மிளகும் போட்டு வறுத்தால் அந்த வாசத்துக்கே பசி வரும். நகுலன் அன்று தன் கையாலேயே வறுத்துக் கொடுத்தான். அவள் பயந்து பயந்து ஒரு கவளம் வைத்தாள். தங்கியது. இன்னொரு கவளம். அதுவும் தங்கியது. நகுலன் குசினிக்குள் போய், அவள் காணாமல் அழுதுவிட்டு வந்தான்.

பிறகென்ன. கிழமைக்கு நாலு நாள், ஐந்து நாள் அதே வறை. வேறெதையும் காட்டினால் முகத்தைத் திருப்புகிறவள் அதை மட்டும் கேட்டுச் சாப்பிட்டாள். பலொம்போ என்ற சொல் பலேர்மோத் தமிழ்ச் சனத்தின் வாயில் புரண்டு புரண்டு எப்போதோ பாலம்பு ஆகியிருந்தது. பெயரிலேயே பால் இருக்கிறதே, இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? அந்தக் குசினிக்குச் சின்னச் சுறாவும் வரும், ஆளுயரச் சுறாவும் வரும். தோலை உரித்துத் துண்டமாக்கினால் எல்லாம் பலொம்போதான். பெருஞ்சுறாவின் வால் கிடைத்த நாளில் நகுலனுக்குக் கூடுதல் சந்தோசம். பெரியதென்றால் சத்தும் பெரிதாய்த்தானே இருக்கும் என்று நினைத்தான், பாவி.

கர்ப்பிணிகளுக்கான கிளினிக்கில் ஒரு தாள் கொடுத்தார்கள், என்னென்ன சாப்பிடக்கூடாது என்று. அதை பஸ்ஸில் வரும்போதே அவன் வரிவரியாய் வாசித்துத் தமிழ்ப்படுத்தினான். வேகாத இறைச்சி ஆகாது. கழுவாத இலைகுழை ஆகாது. வைன் ஆகாது என்று சொன்னபோது சிவானுஜாவுக்குச் சிரிப்பு வந்தது. கீழே மீன்களின் பெயர். வாள்மீன், பெரிய சூரை, பிறகு ஸ்குவாலோ. அந்தச் சொல்லை அவன் தொலைக்காட்சியில்தான் கேட்டிருக்கிறான், நீந்தப் போனவனின் காலைக் கடிக்கிற பிராணி என்று. அத்தனை வருடக் குசினியில் ஒருவர் வாயிலும் அது வந்ததில்லை.

"ஸ்குவாலோ சாப்பிடக்கூடாதாம்" என்றான். "ஆர் அதைச் சாப்பிடப் போறது? அதெல்லோ எங்களைச் சாப்பிடும்."

இரண்டு பேரும் பஸ்ஸுக்குள் சிரித்தார்கள். அன்று இரவுச் சாப்பாடு பாலம்பு வறை.

பிள்ளை பிறந்தது. பொம்பிளைப் பிள்ளை, ஆரணி என்று பெயர். முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்கு வந்த பெண்கள் சிவானுஜாவுக்குப் பால் சுரக்கிற சுரப்பைப் பார்த்து மூக்கில் விரலை வைத்தார்கள். எல்லாம் இவருடைய பாலம்பு என்று அவள் புருசனைக் காட்டினாள், வெட்கத்தோடுதான், ஆனாலும் காட்டினாள். நகுலன் அன்றைக்கு நிலத்தில் நடக்கவில்லை. காலையில் மிளகு இரசம், மத்தியானம் சுறா வறை, பின்னேரம் திரும்ப இரசம் என்று பத்தியம் மாதக்கணக்காய் ஓடியது. பத்தியம் முடிந்த பிறகும் வறை நிற்கவில்லை. இப்படி ஒரு மனைவியையும் பிள்ளையையும் பேணி வளர்க்கிற ஆம்பிளை பலேர்மோவில் வேறு யார் என்று அவனுக்கு உள்ளுக்குள் ஒரு நினைப்பு.

பிள்ளை அழகு. ஆனால் கழுத்து நிற்கப் பிந்தியது. பிந்தி நிற்கிற பிள்ளைகளும் உண்டு என்றார்கள். இருக்கப் பிந்தியது. அதற்கும் ஒரு சமாதானம் சொன்னார்கள். இரண்டு வயது முடிந்தும் கதிரையைப் பிடித்துக்கொண்டு ஆடி ஆடி ஓரடி வைக்கும், விழும். அம்மா என்று ஒரு சொல் வரவில்லை. கூப்பிட்டால் திரும்பாது, திரும்பினாலும் பார்வை முகத்தில் தரிக்காது, பின்னால் இருக்கிற சுவருக்குப் போய்விடும். கோயிலில் நேர்த்தி வைத்தாள் சிவானுஜா. நகுலன் ஒருநாள் லீவு எடுத்து, மூன்று பேருமாய் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

டொத்தோரெஸா ஸ்ரெல்லா என்ற டாக்டர் இளவயதுக்காரி, அவசரமில்லாமல் கேட்கிறவள். தாய் கர்ப்பகாலத்தில் என்ன வேலை செய்தாள், வீட்டில் யாருக்காவது இப்படி இருந்ததா, என்ன சாப்பிட்டாள் என்று கேள்விமேல் கேள்வி. சாப்பாட்டுக் கதை வந்ததும் நகுலனுக்கு உசார் வந்துவிட்டது. நல்லாய்ச் சாப்பிட்டவ, மீன்தான், கிழமைக்கு ஐந்து நாளும் பலொம்போ, நானே கொண்டுவந்து கொடுத்தேன் என்று இத்தாலியனில் அடுக்கினான். அவளுடைய பேனை நின்றது. பிறகு கத்தரிக்கோல் எடுத்து, தாயின் தலையில் கொஞ்சமும் பிள்ளையின் தலையில் கொஞ்சமும் மயிர் வெட்டி, இரண்டு உறையில் போட்டாள்.

மூன்று கிழமை கழித்துக் கூப்பிட்டார்கள். சிவானுஜா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு டாக்டரின் வாயையும் புருசனின் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பலொம்போவும் ஸ்குவாலோதான்" என்றாள் டாக்டர். "உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா?"

அவள் ஒரு தாளைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் கீறத் தொடங்கினாள். கடலின் மேலே வெயில். வெயிலைக் குடித்து வளர்கிற, கண்ணுக்குத் தெரியாத பச்சைத் துகள்கள். அதைத் தின்கிற பூச்சிகள். பூச்சியைத் தின்கிற நெத்தலி. நெத்தலியைத் தின்கிற பெரிய மீன். அதையும் தின்கிற சுறா. ஒவ்வொரு படியிலும் தின்றதில் பத்தில் ஒரு பங்குதான் உடம்பில் ஒட்டும், மிச்சம் நீந்துவதிலும் மூச்சு விடுவதிலும் செலவாகிவிடும் என்றாள். அதனால்தான் மேலே போகப் போக மீன்கள் எண்ணிக்கையில் குறைகின்றன. ஒரு சுறா ஒரு கிலோ சதை போடுவதற்குள் பெட்டி பெட்டியாய் நெத்தலி போய்விடும். ஆனால் செலவாகாத ஒன்றும் அதற்குள் இருக்கிறது. எரிமலை கக்குவதும் ஆலைகள் கக்குவதும் மழையோடு கடலில் விழுகிறது. அடிச்சேற்றில் இருக்கிற கிருமி அதை உடம்பில் ஒட்டுகிற பதார்த்தமாக மாற்றுகிறது. பச்சைத் துகளில் இருந்து பூச்சிக்கு, பூச்சியில் இருந்து நெத்தலிக்கு, சாப்பாட்டோடு சாப்பாடாய் அதுவும் ஏறுகிறது. சாப்பாடு எரிந்துபோகும், இது எரியாது. தின்றவனிடமே தங்கும். வருடக்கணக்காய்த் தின்ற பெரிய சுறாவிடம்தான் கூடத் தங்கும். மெர்க்கூரியோ.

சுறாவுக்கு மேலே அவள் ஒரு பொம்பிளையைக் கீறினாள். பொம்பிளையின் வயிற்றுக்குள் ஒரு சின்ன வட்டம் போட்டாள். அதற்கு மேல் கீற ஒன்றும் இருக்கவில்லை.

வேறொரு தகப்பனாக இருந்திருந்தால் பாதி விளங்காமல் தலையாட்டியிருப்பான். நகுலனுக்கு முழுவதும் விளங்கியது. அந்தப் படத்தில் இருந்த ஒவ்வொரு வயிற்றையும் அவன் தன் கையால் கீறிப் பார்த்திருக்கிறான். எல்லாம் தெரிந்தவன், ஒரு துளியும் வீணாகாது என்று பீற்றினவன், அந்த வரிசை எங்கே போய் முடிகிறது என்று மட்டும் ஒருநாளும் யோசிக்கவில்லை. அவனே வெட்டினான், அவனே வறுத்தான், அவனே கவளம் உருட்டினான். 

"மருந்து இருக்கோ?" என்று கேட்டான்.

தாயின் உடம்பில் இருப்பது மாதக்கணக்கில் தானாக இறங்கும் என்றாள் டாக்டர். ஆனால் மூளை உருவாகிற நேரத்தில் நடந்ததைத் திருப்ப முடியாது. இது ஒன்றுதான் காரணமென்று தன்னால் அடித்துச் சொல்ல முடியாது, வேறும் இருக்கலாம். பயிற்சி கொடுக்கலாம், பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாய் முன்னேறும், எவ்வளவு தூரம் என்று இப்போது தெரியாது. "இதை உங்கள் மனைவிக்குச் சொல்லுங்கள். இனிமேல் அந்த மீன் வேண்டாம். முக்கியமாய் இன்னொரு பிள்ளை வருவதானால் வேண்டவே வேண்டாம்."

சிவானுஜா அவனுடைய முழங்கையைத் தொட்டாள்.

"என்னவாமப்பா? டொத்தோரெஸா என்ன சொல்லுறா?"

நகுலன் ஓ.எல். பரீட்சையில் விஞ்ஞானத்துக்கு சி எடுத்தவன். வெப்பமானிக் குழாய்க்குள் வெள்ளி மாதிரி ஓடுகிற அந்த மெர்க்கூரியோவுக்கு அவன் படித்த புத்தகத்தில் இரசம் என்று பெயர். அக்கரையில், தமிழ்நாட்டில், பாதரசம் என்பார்கள், நமக்கு இரசம்தான். ஆகவே அவன் பொய் சொல்லவில்லை. கேட்டதைத் தமிழில் சொன்னான்.

"உம்மடை உடம்பிலை இரசம் கூடிப்போச்சாம். அதுதான் பிள்ளையைப் பாதிச்சிருக்காம்."

சிவானுஜாவின் முகம் வெளிறியது. "இரசமோ? நான் குடிச்ச மிளகு இரசமோ?"

அந்த இடத்தில் ஒரு சொல் போதும். இல்லையப்பா, அந்த இரசமில்லை, மீனிலை இருக்கிற நஞ்சு, நான் தந்த மீன் என்று ஒரு வசனம்.  நகுலன் பிள்ளையைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், மேசையில் கிடந்த படத்தைப் பார்த்தான்.

"ஓம்" என்றான்.

டாக்டர் இருவரையும் பார்த்து, விளங்கியதா என்பதுபோலத் தலையசைத்தாள். சிவானுஜா கண்ணீரோடு, தனக்குத் தெரிந்த சொற்களில் ஒன்றைச் சொன்னாள். "சீ."

இதைக் கோழைத்தனம் என்று சொல்லலாம், வேறு பெயர் தேடத் தேவையில்லை. பிறகு சொல்லலாம், ஆறுதலாய்ச் சொல்லலாம் என்று அவன் நினைத்துக்கொண்டான். வீட்டுக்கு வந்ததும் அவள் மிளகுப் போத்தலையும் சீரகப் போத்தலையும் குப்பைக்குள் கொட்டினாள். பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவை மன்னிச்சுக்கொள்ளடி" என்று அழுதாள். நானே குடிச்சனான், நாளுக்கு ரெண்டுதரம் குடிச்சனான் என்று தலையில் அடித்துக்கொண்டாள். நகுலன் அவளுடைய கையைப் பிடித்து நிறுத்தினான். அப்போதும் சொல்லவில்லை. அடுத்த நாள் சொல்வது முதல்நாளைவிடக் கடினமாயிருந்தது, அடுத்த மாதம் சொல்வது அதைவிடக் கடினமாயிருந்தது. பயிற்சிக்குப் பிள்ளையைக் கொண்டுபோகிற நாட்களில் சிவானுஜா மற்றத் தாய்மாரிடம் இருந்து தள்ளி ஒரு மூலையில் இருப்பாள், தான் செய்த பாவம் முகத்தில் எழுதியிருக்கிற மாதிரி. அவன் பக்கத்தில் இருந்து அதைப் பார்த்தான். ஏழு மாதம் பார்த்தான்.

இந்த ஏழு மாதத்துக்குள் சிவானுஜாவின் தங்கை நாகபூசணி வயிற்றுப்பிள்ளைக்காரி ஆகியிருந்தாள். அவளுடைய புருசன் பிரசாந் துறைமுகத்தில் இருந்து நாப்போலிக்கும் ஜெனோவாவுக்கும் போகிற கப்பலில் அறைகள் துப்புரவாக்குகிற வேலை. போனால் நாட்கணக்கு. தனியே கிடக்க வேண்டாமென்று சிவானுஜா தங்கையைத் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஆரணியை நாள் முழுக்க இடுப்பில் வைத்துத் திரிகிறவள் இப்போது நாகபூசணிதான். சின்னம்மாவின் சங்கிலியைப் பிடித்து இழுப்பது மட்டும் பிள்ளைக்கு நன்றாய்த் தெரியும்.

"இவளுக்கும் சத்தியப்பா, ஒண்டும் தங்குதில்லை" என்றாள் சிவானுஜா ஒருநாள். "பாலம்பு கொண்டுவாங்கோவன். இரசம் ஒரு சொட்டும் குடுக்கமாட்டன், அது எனக்குப் படிப்பினை. பாலம்பெண்டால் பயமில்லைத்தானே?"

நகுலன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். திரும்பிப் பாராமலே, "இப்ப வாறேல்லை" என்றான்.

"எப்ப வருமாம்?"

"தெரியாது. கடல் சரியில்லை."

இன்னொருமுறை கேட்டபோது முதலாளி இப்போது தருவதில்லை என்றான். மூன்றாம் முறை, நாங்கள் வாங்குகிற மீன்காரர் மாறிவிட்டார் என்றான். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. நல்லகாலம், மறந்துவிட்டாள் என்று அவன் மூச்சு விட்டான். தான் சொல்லாமலே ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன் என்றுகூட அவனுக்கு ஒரு திருப்தி வந்தது. மனிதனுக்கு வருகிற திருப்தியைப் பாருங்கள்.

பங்குனி மாதம், சிரொக்கோ என்கிற தென்காற்று மூன்று நாளாய் அடித்தது. வானம் மண்ணிறமாய்க் கிடந்தது, ஒரு வள்ளமும் இறங்கவில்லை. நாலாம் நாள் காலை முதலாளி, மீனில்லாமல் உன்னை வைத்து என்ன செய்வது என்று பத்து மணிக்கே நகுலனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மத்தியான நேரத்தில் வீட்டுக்குப் போய்ப் பல மாதமாகியிருந்தது. பிரான்காச்சோவில் இறங்கி, படியேறி, மூன்றாம் மாடிக்கு வரும்போதே மூக்கில் அடித்தது. மஞ்சள், உள்ளி, தேங்காய்ப்பூ, அதற்கு அடியில் அந்த மீன்.

கதவைத் திறந்து செருப்பைக் கழற்றாமலே குசினிக்குப் போனான். சிவானுஜா அகப்பையோடு அடுப்படியில் நின்றாள். தாச்சியில் வறை பொன்னிறமாய்ப் பிரண்டுகொண்டிருந்தது. முன்னறையில் நாகபூசணி ஆரணிக்கு ஏதோ விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

"என்ன, வெள்ளன வந்திட்டியள்?" என்றாள் சிவானுஜா. பிறகு அவனுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன் இப்பிடி நிக்கிறியள்?" என்றாள்.

"அது எங்காலை?"

"சந்தையிலை, ஐசிலை வைச்சது வாங்கினனான்."

"ஆர் வாங்கித் தந்தது?"

"நான்தான் வாங்கினனான்." அவளுடைய குரலில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. "பலொம்போ எண்டு கேட்டனான். உடனை விளங்கியிட்டுது அவருக்கு."

நகுலன் அடுப்பை அணைத்தான். 

"இதை அவளுக்குக் குடுக்காதையும்" என்றான். "இதுதான் அது."

"எது?"

"டொத்தோரெஸா சொன்னது இதைத்தான். நீர் குடிச்ச இரசமில்லை. இந்த மீனுக்குள்ளை இருக்கிறது. நான் கொண்டுவந்து தந்தது. அதுதான் எங்கடை பிள்ளைக்கு..." வசனம் முடியவில்லை. விட்ட இடத்தில் இருந்து திரும்பத் தொடங்கினான். நெத்தலி, கும்பிளா, சுறா, நஞ்சு, வயிறு என்று ஒழுங்கில்லாமல் வந்தது. டாக்டர் கீறிய படத்தைக் கையால் காற்றில் கீறிக் காட்டினான். "இண்டைக்காவது நான் வந்தது நல்லதாப் போச்சு. கொட்டிவிடும், முழுக்கக் கொட்டிவிடும்."

சிவானுஜா அகப்பையைத் தாச்சியின் விளிம்பில் மெதுவாய் வைத்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. கோபமும் அப்போது வரவில்லை. எதையோ கணக்குப் பார்க்கிறவள் மாதிரி நின்றாள்.

"இண்டைக்கு மட்டுமெண்டு நினைச்சியளோ?" என்றாள்.

அவன் அவளைப் பார்த்தான்.

"நீங்கள் இல்லை இல்லையெண்டு சொல்ல, முதலாளியிட்டைக் கேக்க உங்களுக்கு வெக்கமாக்கும் எண்டு நினைச்சனான். உங்களை ஏன் கரைச்சல்படுத்துவான் எண்டு நானே போய் வாங்கினன். தையிலையிருந்து வாங்கிறன். கிழமைக்கு மூண்டு நாள், நாலு நாள். நீங்கள் வேலைக்குப் போனாப்போலை காய்ச்சுவன். அவள் எல்லாத்தையும் சாப்பிடுவாள்."

தை, மாசி, பங்குனி. நாகபூசணிக்கு இப்போது ஆறாம் மாதம். நகுலன் சுவரோடு சாய்ந்தான்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டாள் அவள்.

"சொன்னனான்." அந்த நேரத்திலும் அவன் வாயில் இருந்து வந்தது அதுதான். "இரசமெண்டு சொன்னனான்தானே. நான் பொய் சொல்லேல்லை, சிவா. தமிழிலை அதுக்கு அதுதான் பேர். புத்தகத்திலை அப்பிடித்தான் கிடக்கு."

"எனக்கு விளங்கேல்லை."

"ஓம்."

"எனக்கு விளங்கேல்லை எண்டு உங்களுக்கு விளங்கினது."

  ஏழு மாதமாய் அவள் தன் தலையில் அடித்துக்கொண்டதையும், பிள்ளையின் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்டதையும், பக்கத்தில் நின்று பார்த்தவன் அவன். அவள் ஏசியிருக்கலாம். அந்தத் தாச்சியைத் தூக்கி அவன் மேல் கொட்டியிருந்தாலும் அவன் விலகியிருக்கமாட்டான். அவள் ஒன்றும் செய்யவில்லை. நகுலனுக்கு அதுதான் தாங்க முடியாமலிருந்தது.

முன்னறைச் சத்தம் நின்றது. நாகபூசணி ஆரணியை இடுப்பில் வைத்துக்கொண்டு குசினி வாசலுக்கு வந்தாள். மறுகையில் தன் சாப்பாட்டுக் கோப்பை. பசித்திருந்தாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. முன்பிருந்த மெலிவு போய்க் கன்னத்தில் சதை வைத்திருந்தது, வயிறு சட்டைக்குள் உருண்டையாய் எடுத்துக் காட்டியது.

"அத்தான், நீங்களும் வந்தது நல்லது. மூண்டு பேரும் சேந்து சாப்பிடுவம்" என்றாள். பிறகு இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னக்கா? என்ன நடந்தது?"

நகுலன் மனைவியைப் பார்த்தான். அவள் சொல்லிவிடுவாள், இந்த ஒருமுறை அவள் சொல்லிவிடட்டும் என்று பார்த்தான். சிவானுஜா தங்கையின் கையில் இருந்த கோப்பையை வாங்கி மேசையில் வைத்தாள். ஆரணியைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். பிள்ளை ஒரு சத்தமும் இல்லாமல் தாயின் தோளுக்கு மேலால் சுவரைப் பார்த்தது.

"அத்தான் ஒண்டு சொல்லப்போறார்" என்றாள் சிவானுஜா. கண்ணை அவனுடைய முகத்தில் இருந்து எடுக்கவில்லை. "சொல்லுங்கோ. அவளுக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோ."